அத்தை வீட்டுச் சுவரில் வேட்டுவன்

2019 தீபாவளிக்கு பர்மாவின் மோல்மீன் நகரத்திலிருந்து, பக்கத்துத் தீவான பிலு கியூனில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். முன்பெல்லாம் அந்தத் தீவுக்குப் படகில்தான் போவோம். 2017இல் பாலம் திறந்த பிறகு பைக்கிலேயே போய்விடலாம். மறுநாள் காலை கொல்லைப்பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, செங்கல் சுவரோரம் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று நகர்ந்தது. ஆனால் அதன் கால் ஒன்றுகூட அசையவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், கருங்குளவி ஒன்று அதைக் கவ்விக்கொண்டு, பின்பக்கமாக நடந்தே இழுத்துப் போகிறது.

அத்தை விளக்குமாற்றோடு வந்துவிட்டார்.

"கொட்டிடும் தம்பி, தள்ளி நில்லு!"

"அடிக்காதீங்க அத்தை. பத்து நிமிஷம் கொடுங்க."

"வேட்டுவன்தானே அது? புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னை மாதிரியே ஆக்கிடும்னு எங்க ஆயா சொல்லும்."

அந்தப் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பெண் குளவி கொட்டுவது கொல்வதற்கு அல்ல, சிலந்தியைச் செயலிழக்க வைப்பதற்கு. பொந்துக்குள் கொண்டுபோய் அதன் வயிற்றின் மேல் ஒரே ஒரு முட்டை இடும். பொரித்து வரும் புழு, சிலந்தியின் உயிர்நிலையான உறுப்புகளைக் கடைசிவரை விட்டுவைத்து மற்றதைத் தின்னும். அதனால் இரை கெட்டுப்போவதில்லை. பொந்துக்குள் போவது வேறொரு உயிர், வெளியே வருவது குளவி. இதை ஆயா சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நடுவில் இருக்கும் முட்டைதான் அவர் கண்ணில் படவில்லை.

சுவர் விரிசலுக்குள் இரண்டும் மறைவதற்குள் போனில் நாற்பது படம் எடுத்தேன். அன்று இரவே, உயிரினங்களின் படத்தைப் போட்டால் மற்றவர்கள் பெயர் கண்டுபிடித்துச் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் இரண்டு பதிவுகள் போட்டேன், சிலந்திக்கு ஒன்று, குளவிக்கு ஒன்று. சிலந்திக்கு விடிவதற்குள் பெயர் கிடைத்துவிட்டது: ஹெட்டரோபோடா வெனடோரியா, வெப்பநாடுகளில் வீட்டுக்கு வீடு கரப்பான் பிடித்துத் திரிவது. குளவிக்கு மூன்று மாதம் ஆனது.

முதல் தவறு என்னுடையது. மண்குளவி என்று போட்டிருந்தேன். ஒருவர் பொறுமையாகத் திருத்தினார். மண்குளவிக்கு இடுப்பு நூல் மாதிரி நீண்டிருக்கும், அது மண் அறைக்குள் சின்னச் சின்னச் சிலந்திகளாகப் பலவற்றை அடைத்து வைக்கும். இதற்கு நூல் இடுப்பு இல்லை, பின்னங்கால்கள் நீளமாக, முள்முள்ளாக இருக்கின்றன, ஒரு முட்டைக்கு ஒரே சிலந்தி. ஆகவே சிலந்தி வேட்டையாடும் குளவிகளின் பாம்பிலிடே குடும்பம் என்றார். சரி, குடும்பம் தெரிந்தது. ஆனால் உலகத்தில் அந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 5,000 இனங்கள் இருக்கின்றன.

அங்கேயே பல வாரம் நின்றது. அப்புறம் இன்னொருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வால் நுனி என்ன நிறம்?" நான் ஆசையாக எடுத்த படங்களில் எல்லாம் சிலந்திதான் முன்னால் நின்றது. கடைசியில், ஆடிப்போனது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு படத்தில் குளவியின் முதுகுப்பக்கம் முழுதாகத் தெரிந்தது. நிழலில் கறுப்பாக இருந்த வால், வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றியதும் துருச் சிவப்பாகத் தெரிந்தது. நிறத்தை நான் மாற்றிவிட்டேன் என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது என்று, தொடாத படத்தையும் பக்கத்திலேயே சேர்த்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும்.

பதில் வந்தது: டாக்கிபாம்பிலஸ் அனாலிஸ். இன்னொருவரும் அதையே உறுதி செய்தார். பெயர் கையில் கிடைத்ததும் பழைய நூல்களைத் தேடினேன். பர்மா வனத்துறையில் வேலை பார்த்த பிங்காம், இந்தியா, இலங்கை, பர்மா மூன்றுக்கும் சேர்த்துக் குளவிகளையும் தேனீக்களையும் பற்றி 1897இல் எழுதிய தொகுதியில், இதே குளவி பாம்பிலஸ் அனாலிஸ் என்ற பழைய பெயரில் இருக்கிறது. தெற்கு பர்மாவில் இருக்கும் எங்கள் தெனாசரிம் காடுகளில் பூச்சி சேகரித்த மனிதர் அவர். அந்தப் பக்கத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு சின்ன வேலை பாக்கி இருந்தது. வரைபடத்தில் நான் குத்திய புள்ளியைச் சுற்றி, இடம் எவ்வளவு துல்லியம் என்று காட்டும் வட்டம், தீவையும் தாண்டி மோல்மீன் வரை விரிந்து கிடந்தது. தீவில் பார்த்ததா நகரத்தில் பார்த்ததா என்று யாருக்கும் தெரியாது. அதை மாமா வீட்டுக் கொல்லை அளவுக்குச் சுருக்கினேன். அடுத்தது உரிமம். 'எல்லா உரிமையும் எனக்கே' என்று வைத்திருந்தால், மற்றவர்களும் பெயரை ஒப்புக்கொண்டு 'ஆய்வுத் தரம்' கிடைத்த பதிவுகூட ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்குப் போகாது. வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து ஜிபிஐஎஃப் வரைபடத்தில் பிலு கியூனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. அத்தையிடம் போனில் சொன்னதும், "அந்த ஓட்டையை மாமா சிமெண்ட் வெச்சு அடைக்கப் பார்த்தார், நான் விடலை" என்றார்.