ஏரிக்கரையில் கொசு உள்ளான்கள்

பறவை பார்க்க, விடியும் முன்பே பத்துப் பேர் ஏரிக்கரையில் கூடிவிட்டோம். தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் சேறு. கரைப்பறவைகளுக்கு அதுதான் வேண்டும். ஏரி நிரம்பிக் கிடந்தால் அவற்றுக்கு நின்று மேய இடமிருக்காது.

முதல் அரைமணி நேரம் நெடுங்கால் உள்ளான்கள் மட்டும்தான். அப்புறம் பக்கத்தில் நின்றவர் என் தோளைத் தொட்டு, "அந்த மண்கட்டிக்கு இடப்பக்கம் பாருங்க" என்றார். சேறே நகர்வது போல இருந்தது. கொசு உள்ளான்கள்! பெரும்பாலும் 30 கிராமுக்குள்தான் எடை. ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருபவை. தையல் மிஷின் ஊசி மாதிரி அலகு சேற்றில் இறங்கி ஏறுகிறது. இன்னொரு கரைப்பறவையான உப்புக்கொத்தி அப்படியில்லை. ஓடும், சட்டென நிற்கும், ஒரே கொத்து. அது கண்ணை நம்பி இரை தேடுகிறது. கொசு உள்ளான் அலகு நுனியின் தொடு உணர்வையும் நம்புகிறது.

ஒருவர் படமெடுக்க நெருங்கியதும் கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்துவிட்டது. மனசு கேட்கவில்லை. பயந்து பறக்கும்போது கரைவது நெடும்பயணத்துக்குச் சேர்த்துவைக்கும் கொழுப்பு, அது இப்படி வீணாகக் கூடாது. தயவுசெய்து தள்ளியே நில்லுங்கள்.

அசையாமல் காத்திருந்தோம். திரும்பி வந்தன. ஸ்கோப்பில் (தொலைநோக்கியில்) பார்த்த சிறுவன், "கால் கறுப்பா இருக்கு" என்று கிசுகிசுத்தான். கொசு உள்ளானுக்கு அதுதான் முக்கியமான அடையாளம். யாரும் சொல்லித்தராமல் அவனே கண்டுபிடித்துவிட்டான்.