பிள்ளைக்கு வயிற்றுப்போக்கா? முதலில் ஓ.ஆர்.எஸ்.

"வயித்தால போகுது, நிக்கிறதுக்கு ஏதாவது குடுங்க" என்று மெடிக்கலில் கேட்கும் பெற்றோரைப் பார்த்தால் பதறுகிறது. போக்கை நிறுத்தப் பெரியவர்கள் போடும் லோப்பரமைடு மாத்திரையை சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

பெரும்பாலும் காரணம் வைரஸ்தான். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, எல்லோருக்கும் மலப் பரிசோதனையும் தேவையில்லை. உயிரைப் பறிப்பது நீரிழப்பு. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரையே குடிக்கக் கொடுத்தார். ஓ.ஆர்.எஸ். என்பது இந்தக் கரைசல்தான். அங்கே இறப்பு ஏறக்குறைய 30 சதவீதத்திலிருந்து 4-க்கும் கீழே இறங்கியது. இதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியவில்லை.

ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். பாதிப் பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண்ணளவு வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். டெட்ரா பாக்கெட் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது, சர்க்கரை கூடினால் போக்கு இன்னும் கூடும்.

துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாள் முடியுங்கள்: ஆறு மாதத்துக்குக் கீழ் தினம் 10 மில்லிகிராம், மேலே 20. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். பட்டினி போடச் சொல்லும் பாட்டிகளிடம் அன்பாகப் பேசிக்கொள்ளலாம்.

கண் குழிவு, அழுதால் கண்ணீர் வராதது, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்புவது, குடிக்க முடியாத சோர்வு, மலத்தில் ரத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.