ஹைலக்ஸுக்கு ஐந்து கியர் ஓட்டோ: இதுவரை நடந்தது

“மலையும் இல்லை, மடுவும் இல்லை, வன்னிக்குள்ள ஓட உனக்கேன் அஞ்சு கியர்?” ஒட்டுசுட்டானில் இதைக் கேட்காதவர் குறைவு. மாரியில் விதைநெல்லும் பசளையும் ஏற்றி, சேற்றில் இருந்து வாய்க்கால் கட்டில் ஏறிப் பழகியவர்கள் கேட்கமாட்டார்கள்.

என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் நாலு கியர் ஓட்டோ பெட்டியைக் கழற்றி, ஐந்து கியர் ஓட்டோ பெட்டி பூட்டினேன். எஞ்சின் 3.0 லீற்றர் 1கேடி டீசல். கழற்றிய நாலு கியர் பெட்டி ஏ340எஃப். எஞ்சினில் 343 நியூட்டன் மீற்றர் இழுவை இருக்கிறது, ஆனால் அது 1400க்கும் 3400க்கும் இடைப்பட்ட சுற்றில்தான். பழைய பெட்டியில் முதல் கியரின் விகிதம் 2.804, இரண்டாவது 1.531. 3000 சுற்றில் மாறினால் 1640க்கு, அந்த இழுவையின் அடிப்பக்கத்துக்கு விழும். பாரத்தோடு அந்த இடத்தில், எஞ்சினையும் பெட்டியையும் ஒயிலால் இணைக்கும் கொன்வேட்டர் வழுக்கும், ஒயில் கொதிக்கும்.

பின்னால் வந்த ஹைலக்ஸின் ஐந்து கியர் ஏ750எஃப் பெட்டியில் விகிதங்கள் 3.520, 2.042, 1.400, 1.000, 0.716. முதல் கியரிலேயே கால்வாசி இழுவை கூட. மேல் கியரில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் ஏ9 வீதியில் டீசல் மிச்சம் என்று எதையும் நான் காணவில்லை. மிச்சம் வேண்டுமென்றால் ஃபோர்ட் ரேஞ்சரின் பத்து கியர் பெட்டி மாதிரி, 4.696இல் தொடங்கி 0.636 வரை, இரண்டு பக்கமும் விரிய வேண்டும்.

ஒரே எஞ்சின் குடும்பம் என்பதால் பெட்டி எஞ்சினோடு பொருந்தும் பெல் ஹவுசிங் பிரச்சினை தரவில்லை. பெட்டியின் நீளம் ஒத்துவரவில்லை. பெட்டியில் இருந்து சக்கரப் பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டுகளை வவுனியாவில் லேத் கடையில் அளவுக்குச் செய்து பாலன்ஸ் பார்த்தோம். உண்மையான வேலை வயரிங்தான். எஞ்சினையும் கியரையும் ஒரே கொம்பியூட்டர் ஆளுகிறது, திறப்பின் இமொபிலைசரும் (களவுத் தடுப்புப் பூட்டு) அதோடு சேர்ந்தது. ஆகவே கொம்பியூட்டர், வயர் தொகுதி, கொன்வேட்டர், திறப்பு எல்லாம் ஒரே வாகனத்தில் இருந்து வர வேண்டும். பெட்டி மட்டும் மலிவாகத் தருகிறேன் என்பவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் ஒயில். இந்தப் பெட்டியில் ஒயில் மட்டம் பார்க்கும் அளவுகோல் கிடையாது. டொயோட்டாவின் டபிள்யூஎஸ் கியர் ஒயிலை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் 40 பாகை அளவுக்கு வரும்போது கீழே உள்ள வழிவு அடைப்பைத் திறக்க வேண்டும். வன்னி வெயிலில் பகலில் செய்தால் கண்மூடித் திறப்பதற்குள் சூடு தாண்டிவிடும். விடியவே தொடங்கினோம். மெக்கானிக் பாஸ் அண்ணை சூடு காட்டும் ஸ்கானரை நெஞ்சில் வைத்தபடி கீழே கிடந்தார். தடிப்பாக ஓடியது மெலிந்து சொட்டத் தொடங்கியதும், “சரி, போதும்” என்று இறுக்கினார்.

ரேடியேற்றருக்கு முன்னால் தனிக் கூலர் ஒன்றும் பூட்டினேன். பாரத்தோடு கிரவல் வீதியில் முன்பு 110 பாகையைத் தாண்டிய ஒயில் இப்போது 90 சொச்சத்தில் நிற்கிறது. வாய்க்கால் கட்டில் நாலு சக்கர ஓட்டத்தின் மெதுக் கியரான லோ ரேஞ்ச் போடாமலே ஏறுகிறது.

குளிரில் இரண்டில் இருந்து மூன்றுக்கு மாறும்போது இன்னும் ஒரு உதைப்பு. பெட்டி முன்பு இருந்த வாகனத்தில் கற்ற அளவுகள் கொம்பியூட்டரில் அப்படியே கிடக்கின்றன என்கிறார் பாஸ் அண்ணை. அவற்றை அழித்து ஓடிப் பார்க்கப்போகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் கியர் மாற ஒயிலைத் திறந்து மூடும் மின் வால்வை, அதாவது சொலனொயிட்டை, கழற்ற வேண்டியதுதான்.