யோனாவை விழுங்கிய மீனுக்குக் காது இருக்கிறது

துருக்கி என்றால் எல்லோரும் இஸ்தான்புல் போட்டோதான் போடுகிறார்கள், எனக்கோ கிழக்குக் கோடியில் இருக்கும் வான் ஏரிமேல்தான் கண் (வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கரையில் உள்ள ஊரின் பெயரே வான்). அந்த ஏரிக்குள் அக்தமார் என்று ஒரு குட்டித் தீவு. ஆர்மேனிய அரசன் காகிக்குக்காக மனுவேல் என்பவர் 915இலிருந்து 921 வரை கட்டிய திருச்சிலுவை ஆலயம் அங்கே இன்னும் நிற்கிறது. அவனுடைய அரண்மனையும் அங்கேதான் இருந்தது, அது போயே போய்விட்டது.

வெளிச்சுவர்ச் சிற்பங்கள்தான் விசேஷம். ஆதாம் ஏவாள், கோலியாத்துக்கு எதிரே தாவீது, திராட்சை தின்னும் கரடி, அப்புறம் பைபிளில் வரும் தீர்க்கதரிசி யோனாவை விழுங்கும் மீன்... மீனா அது? காதும் பல்லுமாக ஏதோ ஒரு மிருகம்! மேற்குச் சுவரில் காகிக்கே கோயிலின் மாதிரியைக் கையில் ஏந்தி இயேசுவிடம் நீட்டுகிறான்; கட்டியவன் தன் உருவத்தைச் செதுக்கி வைக்கும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு போல.

1116 முதல் 1895 வரை ஆர்மேனியத் திருச்சபையின் ஒரு தலைமைப் பீடமே இங்கே இருந்தது. 1915 ஆர்மேனிய இனப்படுகொலையில் துறவிகள் கொல்லப்பட்டார்கள், மடம் பாழானது. 1951இல் ஆலயத்தையும் இடிக்க உத்தரவு வந்து வேலையே தொடங்கிவிட்டது, விஷயம் தெரிந்து அலைந்து திரிந்து அதை நிறுத்த வைத்தவர் யாஷார் கெமால், அப்போது இளம் பத்திரிகையாளர்.

பழுது பார்த்து 2007இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 95 வருடம் கழித்து, 2010 செப்டம்பர் 19 அன்று மறுபடி திருப்பலி. அன்றைக்குக் கோபுர உச்சியில் சிலுவை இல்லை, அது சில நாள் கழித்துத்தான் ஏறியது.