கன்னியா வெந்நீரும் வயிற்றுக்குள் விடும் சூட்டுக் கீமோவும்

திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் எத்தனை வாளி அள்ளி உடம்பில் ஊற்றினாலும் வயிற்றறையின் உட்சவ்வு சூடாகாது. தோலில் ஏறும் சூட்டை இரத்தம் கொண்டுபோய் வியர்வையாகக் கழித்துவிடும். வயிற்றறையில் பரவிய புற்றுநோய்க்குச் செய்யும் ‘ஹைபெக்’ என்கிற சூட்டுக் கீமோவில், சூடாக்கிய புற்றுநோய் மருந்து நேரே உள்ளே போகிறது, அதுவும் சத்திரசிகிச்சைக் கத்தி தன் வேலையை முடித்த பிறகுதான்.

வயிற்றறையை 13 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நோய் எவ்வளவு என்று 0 முதல் 3 வரை புள்ளி போடுவார்கள். உச்சம் 39. புள்ளி ஏற ஏறப் பலன் குறையும். கண்ணுக்குத் தெரியும் கட்டி எல்லாவற்றையும் வெட்டி எடுப்பதுதான் இதில் பெரிய வேலை, சூடு அதற்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு. உள்ளே விடும் மருந்து திசுவுக்குள் சில மில்லிமீற்றருக்கு மேல் இறங்காது. கடலை அளவு கட்டியை விட்டுவிட்டு ஊற்றினால் அதன் மேற்பரப்புத்தான் நனையும்.

வெட்டி முடிந்ததும் குழாய்களும் பம்பும் பூட்டி, 41 முதல் 43 பாகை செல்சியஸ் சூட்டில் மருந்துத் திரவத்தை 30 முதல் 90 நிமிடம் சுற்றவிடுவார்கள். வயிற்றை மூடிவிட்டுச் செய்தால் வெளியிலிருந்து கையால் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரவம் ஒரு பக்கம் தேங்கி, மறுபக்கம் சூடும் சேராது, மருந்தும் சேராது. மயக்க மருந்து வைத்தியருக்கு வேறு தலையிடி: உடற்சூடு ஏறாமல் குளிர்விக்க வேண்டும், சிறுநீர் தடையின்றிப் போக வேண்டும். இதில் விடும் கீமோ மருந்துகளில் ஒன்றான சிஸ்பிளாற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. இன்னொன்றான ஒக்சாலிபிளாற்றினை டெக்ஸ்ரோஸ் என்கிற சீனிக் கரைசலில் கலந்தால் இரத்தத்தில் சீனி ஏறும், சோடியம் இறங்கும்.

எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. முற்றிய சூலகப் புற்றுநோயில் 2018இல் வெளிவந்த ஒல்லாந்து ஆய்வில் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) வெட்டு மட்டும் செய்தவர்களில் 33.9 மாதம், ஹைபெக்கும் சேர்த்தவர்களில் 45.7 மாதம். பெருங்குடல் புற்றுநோயில் 2021இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், நன்றாக வெட்டிய பிறகு 30 நிமிட ஒக்சாலிபிளாற்றின் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை.

மூலிகை எங்கே வருகிறது? சூடுபட்ட புற்றுக்கலம் தன்னைக் காக்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உள்ளே உருவாக்கும். வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் என்கிற பொருள் அதைத் தடுப்பது ஆய்வுகூடக் கலங்களில் தெரிந்திருக்கிறது. ஆனால் கலங்களுக்குக் கொடுத்த செறிவு வெங்காயம் தின்று இரத்தத்தில் வராது. மஞ்சளில் உள்ள குர்க்குமினும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அதற்காக மிளகைச் சேர்த்தால் அதிலுள்ள பிப்பரின் உறிஞ்சலைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, ஈரலில் மருந்தை உடைக்கும் நொதியையும் தடுக்கும். டோசிடாக்செல் போன்ற கீமோ மருந்தின் அளவு உடம்பில் எதிர்பாராமல் ஏறலாம். சமையலுக்குப் போடும் மிளகும் மஞ்சளும் பிரச்சினையில்லை. குளிசையும் செறிவான சாறும்தான் ஆபத்து.

எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது, மூலிகையை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்ரின் என்கிற கீமோ மருந்து வந்தது. ஆனால் அதை ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. இலையைக் காய்ச்சிக் குடிப்பவருக்கு எத்தனை மில்லிகிராம் இறங்கியது என்று யார் அளப்பது? ஆடுதின்னாப்பாளை என்கிற மூலிகை அதைவிட மோசம். அதன் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். சிஸ்பிளாற்றினுக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது.

மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ வேறு கிளினிக்குக்கோ போகும்போது, குடிக்கும் சூரணப் பைக்கற்றையும் கசாயப் போத்தலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சத்திரசிகிச்சைக்கு எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று அங்கேயே கேளுங்கள். உள்ளி (பூண்டு) குளிசையையும் சொல்ல மறக்க வேண்டாம், அது இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியது.