பொதிகளும் நானே போட்ட பூட்டும்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11ஆம் பதிப்பு இருந்த என் மடிக்கணினியை 12க்கு மாற்றும் வேலை, இரண்டு வார இறுதிகளை விழுங்கிவிட்டு நேற்றிரவு ஒருவழியாக முடிந்தது. மென்பொருள் வந்திறங்கும் களஞ்சியங்களின் பட்டியலில் புல்ஸ்ஐ (11இன் பெயர்) என்றிருந்ததைப் புக்வார்ம் (12இன் பெயர்) என்று மாற்றியதையும், 12இல் தனியாகப் பிரிக்கப்பட்ட ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ பகுதியை வைஃபைக்காகச் சேர்த்ததையும் இங்கே விவரிக்கப் போவதில்லை.

வெளியீட்டுக் குறிப்பு சொல்வதுபோல் முதலில் ‘வித்தவுட்-நியூ-பேக்கேஜஸ்’ என்ற தெரிவுடன் ‘ஆப்ட் அப்கிரேட்’ ஓட்டினேன்; பொதிகளை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, நிறுவி நிர்வகிக்கும் கருவிதான் ஆப்ட். அந்தத் தெரிவு இல்லாவிட்டால், தேவைப்படும் புதிய பொதிகளையும் அது நிறுவிவிடும். பழைய ‘ஆப்ட்-கெட் அப்கிரேட்’ இயல்பாகவே அப்படிச் செய்யாது என்பதால்தான், அதை மட்டும் நம்பியிருப்பவர்களின் கணினியில் இயங்குதளத்தின் கருவான கெர்னல் அடிக்கடி நிறுத்திவைக்கப்பட்ட பொதிகளின் வரிசையில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு, தேவையானால் பொதிகளை நீக்கவும் தயங்காத ‘ஃபுல்-அப்கிரேட்’ கட்டளையைக் கொடுத்தேன். எல்லாம் நகர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தால், பைத்தான் நிரல்மொழியை ஒட்டிய பொதிகள் மட்டும் திரை நிறைய ‘கெப்ட் பேக்’ (நிறுத்திவைக்கப்பட்டவை) என்று வந்து நின்றன.

மறுபடியும் ஓட்டினேன், களஞ்சியப் பட்டியலை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன், களஞ்சியத்தின் நகலைத் தரும் கண்ணாடித் தளத்தைக்கூட மாற்றிப் பார்த்தேன், எதுவும் அசையவில்லை. கடைசியில் வரிசையில் இருந்த ஒரே ஒரு பொதியை, பைத்தான்3-ஜிஐ என்பதை, ‘-எஸ்’ சேர்த்துப் பாவனையாக நிறுவச் சொன்னபோதுதான் ஆப்ட் வாய் திறந்தது: அதற்கு பைத்தான்3 குறைந்தது 3.11 வேண்டும், ஆனால் 3.9.2தான் இருக்கப்போகிறது, ஆகவே ‘பிடித்துவைக்கப்பட்ட உடைந்த பொதிகள் உங்களிடம் உள்ளன’. எந்தப் பொதியையும் யாரும் பழைய பதிப்பிலேயே பிடித்துவைக்காதபோதும் ஆப்ட் இதையே சொல்லும் என்பதால், பல ஆண்டுகளாக நான் அந்த வரியைப் படிப்பதே இல்லை. இந்த முறை அது சொன்னது அப்பட்டமான உண்மை. பிடித்துவைக்கப்பட்டவற்றைக் காட்டும் ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கட்டளையைக் கொடுத்ததும் ஒரே ஒரு சொல் திரையில் வந்தது: பைத்தான்3. முன்னொரு காலத்தில் ஒரு பழைய நிரல் உடைந்துவிடக் கூடாதென்று நானே போட்ட பூட்டு அது. அந்த நிரலுக்கு ஒரு மெய்நிகர் சூழல் (தனியே பிரித்த பைத்தான் அமைப்பு) அமைத்திருந்தாலே போதும். ‘அன்ஹோல்ட்’ செய்து மீண்டும் ஃபுல்-அப்கிரேட் ஓட்டியதும் வரிசை முழுவதும் கரைந்தது. பூட்டுகளைச் சரிபார்க்கும்படி அதே வெளியீட்டுக் குறிப்பு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. அந்தப் பத்தியைத்தான் நான் தாண்டிச் சென்றிருந்தேன்.

இடையில் ஓர் அமைப்புக் கோப்பைப் பற்றி, ஆப்ட்டுக்கு அடியில் இயங்கும் நிறுவல் கருவியான டிபிகேஜி கேட்டபோது, ‘டி’ அழுத்தி வேறுபாட்டைப் பார்த்துவிட்டுப் பழையதையே வைத்துக்கொண்டேன், புதியது ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற பின்னொட்டுடன் பக்கத்திலேயே கிடக்கிறது, இரண்டையும் இன்னும் ஒப்பிடவில்லை. ஃபிளாட்பேக் என்ற வேறொரு நிறுவல் முறையில் வந்த செயலிகளை ஆப்ட் தொடாது என்பதால் அவற்றுக்குத் தனியாக ‘ஃபிளாட்பேக் அப்டேட்’ ஓட்ட வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, டிரிக்ஸி, இப்போதே கையை அரிக்கிறது. 11இலிருந்து ஒரேயடியாக 13க்குத் தாவுவதை டெபியன் ஆதரிப்பதில்லை என்பதால் இந்த 12 எப்படியும் கடக்க வேண்டிய படிதான். ஆனால் இனித் தேவைப்படாத பொதிகளை நீக்கும் ‘ஆட்டோரிமூவ்’ காட்டும் நீக்கல் பட்டியலை இன்னும் வாசித்து முடிக்கவில்லை, பைத்தான் 3.9 அதில் முதல் வரியிலேயே இருக்கிறது.