ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூ: நடத்திப் பார்த்த அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் திருவட்டாறு வட்டாரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். 2018-19 கல்வியாண்டில் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடுகள் இடம்பெற்ற பிறகு, திக்‌ஷா செயலி வழியாகக் காணொளிகளைக் காட்டுவது எங்கள் வகுப்புகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அவை அனைத்திலும் மாணவர் பார்ப்பவராகவே இருந்தார். அவர் எழுதும் கட்டுரையோ, என் சிவப்பு மையைத் தாண்டி வேறொரு கண்ணில் படாமல் ஆண்டிறுதியில் பழைய தாள் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆசிரியரல்லாத ஒருவர், அதிலும் எழுதப்படும் பொருளை நன்கறிந்த ஒருவர், படிக்கப்போகிறார் என்றால் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள் என்று பார்க்கவே வகுப்புக்கென ஒரு வலைப்பூ தொடங்கினேன்.

தலைமையாசிரியரின் இசைவு எளிதில் கிடைத்தது. பெற்றோரின் இசைவுக்குத்தான் நாள் பிடித்தது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகக் கருதிப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துவதால், பிள்ளையின் முகம் தெரியும் படம், முழுப்பெயர், வீட்டு முகவரி ஆகியவை எங்கும் வராது என எழுதிக் கையொப்பம் வாங்கினோம். மாணவர்களுக்குத் தனிக் கணக்குகள் தொடங்காமல், பள்ளியின் மின்னஞ்சலில் கூகுளின் வலைப்பூத் தளமான பிளாக்கரில் கணக்கு ஒன்றை மட்டும் திறந்தேன். முதல் பருவம் முழுவதும் எழுதுபவர்கள் மட்டுமே படிக்கும்படியும், தேடுபொறிகளுக்குத் தென்படாதபடியும் அமைத்திருந்தேன். பின்னூட்டங்கள் என் ஒப்புதலின்றி வெளிவராதவாறு அப்போது வைத்த பூட்டை இன்றுவரை எடுக்கவில்லை.

தட்டச்சு நான் அஞ்சிய அளவுக்குத் தொல்லை தரவில்லை. உயிரெழுத்து இடக்கைக்கும் மெய்யெழுத்து வலக்கைக்கும் என்று தமிழ்99 விசைப்பலகை பிரித்து வைத்திருப்பதையும், ஒரே எழுத்தை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுவதையும் கண்ட பிள்ளைகள் அதை விளையாட்டாகவே பழகிக்கொண்டனர். பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி எங்கள் ஊர்ப்பேச்சிடம் தோற்றுப்போனதால் அதைக் கைவிட்டோம். கையெழுத்துப் படியை நோட்டில் முடித்து, பக்கத்து இருக்கைக்காரர் படித்துக் கேள்வி கேட்ட பிறகே கணினியைத் தொடலாம் என்பது மட்டும் மாறாத விதி.

குலசேகரம் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி ரப்பரைப் பற்றி எழுதிய கட்டுரையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் படியில், மரத்தின் அறிவியல் பெயரும் அது பிரேசிலிலிருந்து வந்த செய்தியுமாக, இணையத்தில் கிடைத்தவை அனைத்தும் வரிசையாக நின்றன. அவளுடைய தந்தை பால்வெட்டும் தொழிலாளி. “அப்பா எத்தனை மணிக்கு வெட்டப் போவார்?” என்று கேட்டேன். “வெளுக்கதுக்கு முன்னாடியே போயிருவாவ சார், தலையில லைட்டு கெட்டிக்கிட்டு” என்றாள். அதையே எழுதச் சொன்னேன். இரண்டாம் படியில், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தொடங்குவதும், பட்டையில் இடமிருந்து வலமாகச் சரிந்திறங்கும் வெட்டும், பால் சொட்டும் சிரட்டையும், ஆசிட் கலந்து உறையவைத்து உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பதும், சிரட்டையிலும் வெட்டிலும் ஒட்டி உலர்ந்த ஒட்டுப்பாலைத் தனியே விற்பதும் இடம்பெற்றன.

அக்கட்டுரையை வெளியிட்டதும், பால்வெட்டில் பழகிய பெரியவர் ஒருவர் தம் பேரனைக்கொண்டு ஒரு பின்னூட்டம் இட்டிருந்தார். மரத்தைத் தினமும் வெட்டுவதாக எழுதியிருப்பது தவறு. ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வெட்ட வேண்டும், இல்லையேல் மரம் கெட்டுவிடும் என்பது அவர் கருத்து. அப்பா தினமும்தானே போகிறார் என்று அவள் வாதிட்டாள். வீட்டில் விசாரித்து வந்தபோது குழப்பம் தீர்ந்தது: தோட்டத்தை இரு பகுதிகளாகப் பிரித்து மாறிமாறி வெட்டுவதால், மனிதருக்கு நாள்தோறும் வேலை, மரத்துக்கு இடையில் ஒரு நாள் ஓய்வு. அந்தப் பத்தியை அவளே திருத்தினாள். என் திருத்தம் எதுவும் எந்த மாணவரையும் அந்த அளவுக்கு விசாரிக்க அனுப்பியதில்லை.

ஆற்றுக்கு மேலே பாசன நீரைக் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி எழுதிய மாணவர்களுக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. பாலத்தின் உயரமாக ஒரு தளம் 115 அடி என்றது. இன்னொன்று அதைவிடக் குறைத்துச் சொன்னது. எண்ணிப் பார்க்க முடிவதைத் துணிந்து எழுதுங்கள், முடியாததை யார் சொன்னதென்று குறிப்பிடுங்கள் என்றேன். சனிக்கிழமை கீழே பரளியாற்றங்கரையில் இறங்கி நின்று தூண்களை எண்ணிவிட்டு வந்து, 28 என்று உறுதியாக எழுதினார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக் கட்டுரையில் மட்டும் இணையத்தில் எடுத்த படங்களை நீக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தாமே எடுத்த படம், இல்லையேல் விக்கிமீடியா காமன்ஸில் உரிமக் குறிப்போடு உள்ள படம் என்று அன்றே வரையறுத்தோம்.

1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததைப் பற்றி முதியவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்து, ஆடாசிட்டி என்னும் கணினி மென்பொருளில் வெட்டிச் சுருக்கியும் பார்த்தோம். ஒலித்தொகுப்பு நேரத்தை விழுங்கும் வேலை; பாடவேளைக்குள் அடங்காது. ஆர்வமுள்ள இரண்டொருவர் மட்டும் அதைச் செய்தால் போதும்.

மதிப்பெண்ணை வெளிவந்த கட்டுரைக்கு அளிக்காமல், முதல் படிக்கும் இறுதிப் படிக்கும் இடையிலான மாற்றத்துக்கு அளிக்கிறேன். புதிதாக வரும் வகுப்பின் முதல் வேலை, முந்தைய ஆண்டுக் கட்டுரைகளைப் படித்து ஐயம் எழுப்புவது. ரப்பர் கட்டுரையில் ஒட்டுப்பாலின் விலை எந்த நாளுக்குரியது என்ற குறிப்பு இல்லை என இவ்வாண்டு ஒரு மாணவன் சுட்டிக்காட்டினான். விலை அடிக்கடி மாறுவது என்பதால் தேதி இல்லாமல் அந்த வரி நிற்காது. கட்டுரையை எழுதிய மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருப்பதால், அவள் தந்தையிடம் கேட்டுச் சேர்க்கும் பொறுப்பை அவளிடமே விட்டிருக்கிறோம்.